நோஸி பார்க்கர்: மூக்கை நுழைக்கிறவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கைவசப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில் படிக்கப் போயிருந்த காலத்தில், வயதான ஓர் அம்மா வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை என் அம்மா அனுப்பிய பார்சல் வந்தது. சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். செய்தித்தாளில் சுற்றிய பருப்புப்பொடி, நாலாக மடித்த ஈரிழைத் துண்டு, மூடியைச் சுற்றித் துணி கட்டிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். "ஸாரி டு பி எ நோஸி பார்க்கர், பட் வாட்ஸ் இன் தட் ஜார்?" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியலில் அதற்கு நேரே 'பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவன்' என்று இருந்தது. வசைச்சொல். அதைப் போய் ஒருவர் தனக்குத் தானே சூட்டிக்கொள்கிறாரே, அதுவும் சிரித்த முகத்தோடு! பட்டியலில் இருந்த பொருள் தவறில்லை, ஆனால் அது பாதிதான் என்று அன்றுதான் புரிந்தது. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் மொழிபெயர்ப்பதுமாக இத்தனை வருடம் போன பிறகும், இந்த ஒரு சொல்லைச் சரியாகக் கற்பிக்க எனக்குத் தனியாக ஒரு வகுப்பு தேவைப்படுகிறது. அந்த வகுப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பொருளின் எல்லையைப் பிடியுங்கள்

தனக்குச் சம்பந்தமில்லாத, இன்னொருவரின் சொந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள அளவு மீறி ஆசைப்படுகிறவர்தான் நோஸி பார்க்கர். ஆசை மனதுக்குள்ளேயே இருந்தால் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். கேள்வியாகவோ பார்வையாகவோ அது வெளியே வர வேண்டும். உங்களுக்கு வந்த தபாலைக் கொண்டுவந்து கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர், கொடுப்பதற்கு முன் உறையைத் திருப்பி அனுப்பியவர் முகவரியைப் படிக்கிறார் அல்லவா, அவர்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் போன் திரையை ஓரக்கண்ணால் வாசிக்கிறாரே, அவரும்தான்.

கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை நிறைய பேர் தவறவிடுகிறார்கள். நோஸி பார்க்கர் உளவாளி இல்லை, சதிகாரர் இல்லை. வம்பளக்கிறவரும் இல்லை. வம்பளக்கிறவர் விஷயத்தை ஊருக்குள் பரப்புகிறவர். நோஸி பார்க்கர் விஷயத்தைச் சேகரிக்கிறவர். இரண்டையும் ஒரே ஆள் செய்வதுண்டு, ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல்.

பீப்பிங் டாம் என்ற சொல்லோடு இதை ஒருபோதும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கவென்ட்ரி நகரில் வழங்கும் காடைவா சீமாட்டியின் கதையிலிருந்து வந்தது அது. மக்களின் வரியைக் குறைக்க வேண்டும் என்பதற்காக அவர் உடையின்றிக் குதிரையில் ஊர்வலம் வர, ஊரே கதவை அடைத்துக்கொண்டது, டாம் என்பவன் மட்டும் எட்டிப் பார்த்தான் என்பது கதை. அதனால் அந்தச் சொல், பிறரின் அந்தரங்கத்தைக் காம நோக்கில் ஒளிந்து பார்ப்பவனைக் குறிக்கும். அது குற்றம். பக்கத்து வீட்டு மாமாவை விளையாட்டாகக் கிண்டல் செய்வதாக நினைத்து இந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் மானநஷ்ட வழக்கு வரைக்கும் போகும்.

இரண்டாம் படி: ஒலி

தமிழில் 'நோஸி' என்று எழுதுகிறோமே தவிர, நடுவில் வருவது நம் நெடுங்கணக்கில் இல்லாத ஒலி. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். விரலில் ஒன்றும் தெரியாது. நாக்கை அசைக்காமல் அப்படியே குரலைச் சேர்த்தால் தேனீயின் ரீங்காரம் போல ஓர் அதிர்வு வரும். அந்த ஒலிதான் வேண்டும். ஆங்கிலேயர் 'ரோஸ்' என்று பூவின் பெயரைச் சொல்லும்போது கடைசியில் கேட்பதும் இதுவே.

அடுத்து, முதல் உயிரொலி 'ஓ'. அது 'ஆய்' ஆகிவிட்டால் 'நாய்ஸி' என்றாகி, சத்தம் போடுகிற ஆள் என்று பொருள் மாறிவிடும். என் வகுப்பில் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், எழுத்திலும் சரி, பேச்சிலும் சரி. பார்க்கர் என்பதில் வரும் இரண்டு ரகரங்களையும் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் உச்சரிப்பதில்லை. 'பா'வை நீட்டி, 'க'வை லேசாக விட்டுவிடுவார்கள். இரண்டு சொல்லிலும் அழுத்தம் முதல் அசையில்.

மூன்றாம் படி: வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

இது எண்ணக்கூடிய பெயர்ச்சொல். முன்னால் 'எ' வர வேண்டும். 'ஹி இஸ் நோஸி பார்க்கர்' என்று நாம் சொல்லிவிடுவோம், ஏனென்றால் தமிழுக்கு அந்தச் சிறு சொல் தேவையில்லை. ஆங்கிலக் காதுக்கு அது உப்பில்லாத சோறு. 'ஹி இஸ் எ நோஸி பார்க்கர்' என்பதே சரி. பன்மைக்கு 'பார்க்கர்ஸ்'. ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் ஒரே வடிவம்தான்.

கூட்டிச் சொல்ல 'வெரி' உதவாது. 'சச் எ நோஸி பார்க்கர்' என்றோ 'எ ரியல் நோஸி பார்க்கர்' என்றோ சொல்ல வேண்டும். 'வெரி' போட்டே ஆக வேண்டுமென்றால் பார்க்கரை விட்டுவிட்டு, 'ஷி இஸ் வெரி நோஸி' என்று முடித்துவிடலாம். ஆளின் குணத்தைக் குறை சொல்லாமல் அந்த நேரத்துச் செயலை மட்டும் சொல்ல 'யு ஆர் பீயிங் நோஸி' என்ற வடிவம் இருக்கிறது. தம்பி தங்கைகளிடம் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். 'நீ இப்போது மூக்கை நுழைக்கிறாய்' என்பதற்கும் 'நீ மூக்கை நுழைக்கிறவன்' என்பதற்கும் இருக்கிற தூரம் பெரியது.

எழுத்துக்கூட்டலில் இரண்டு வழக்கு உண்டு. கடைசி 'ஒய்'க்கு முன் ஓர் 'இ' சேர்த்தும் எழுதலாம், விட்டும் எழுதலாம். பார்க்கரின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுகிறவர்களும் உண்டு, சிறிதாகப் போடுகிறவர்களும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டுரைக்குள் மாற்றாமல் இருந்தால் போதும்.

நான்காம் படி: கதையைக் கேளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

யார் இந்தப் பார்க்கர்? இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. வழக்கமாகக் கிடைக்கும் பதில், மேத்யூ பார்க்கர். 1504-இல் நாரிச் நகரில் பிறந்தவர். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1559 முதல் 1575-இல் இறக்கும் வரை கான்டர்பரியின் பேராயராக இருந்தவர். திருச்சபை நிர்வாகத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேள்விகள் அனுப்புவார், மூக்கும் நீளமாம், அதனால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் ஒத்துவரவில்லை. அச்சில் இந்தச் சொல் முதலில் தென்படுவது 1890-இல், பெல்கிரேவியா என்ற லண்டன் இதழில். பேராயர் இறந்து 315 ஆண்டுகள் கழித்து! இடையில் மூன்று நூற்றாண்டுகளாக யார் வாயிலும் எழுத்திலும் தங்காத பட்டப்பெயர் திடீரென்று எப்படி முளைக்கும்? இன்னொரு தடையும் இருக்கிறது. 'நோஸி' என்றால் ஆங்கிலத்தில் முன்பெல்லாம் பெரிய மூக்குக்காரர் என்றுதான் பொருள். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவுக்கு 'ஓல்ட் நோஸி' என்று பட்டப்பெயர் இருந்தது அவருடைய மூக்குக்காகத்தான். துருவிப் பார்க்கும் குணம் என்ற பொருள் அந்தச் சொல்லில் நிலைத்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

1797-இல் நோர் என்ற இடத்தில் நடந்த கடற்படைக் கலகத்துக்குத் தலைமை வகித்துத் தூக்கிலிடப்பட்ட ரிச்சர்ட் பார்க்கரின் பெயரையும் சிலர் இழுப்பார்கள். அதற்கும் இதே கால இடைவெளிச் சிக்கல்தான். மூன்றாவது ஊகம் பூங்காவைப் பற்றியது. பார்க்கர் என்ற குடும்பப்பெயருக்கே பூங்காக் காவலர் என்று பொருள். அந்தக் காலத்துப் பூங்கா என்பது பிரபுக்கள் வேட்டையாடும் வேலியிட்ட காடு. லண்டன் ஹைட் பார்க்கில் காதலர்களை ஒளிந்து பார்க்கிறவர்களை வைத்து இந்தப் பெயர் எழுந்திருக்கலாம் என்கிறார்கள். 1907-இல் ஒரு வேடிக்கைத் தபாலட்டையில் 'நோஸி பார்க்கரின் சாகசங்கள்' என்ற தலைப்பு வந்ததை இதற்குத் துணையாகக் காட்டுவார்கள். பார்க்கர் என்பது இங்கிலாந்தில் எங்கும் கேட்கிற சாதாரணப் பெயர், நம்மூரில் 'எந்தக் குப்பனும் சுப்பனும்' என்கிற மாதிரி கையில் கிடைத்த பெயரைப் போட்டிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மேத்யூ பார்க்கருக்காக நான் வகுப்பில் ஐந்து நிமிடம் கூடுதலாகவே பேசுவேன். எட்டாம் ஹென்றி 1536-லிருந்து 1540-க்குள் மடங்களைக் கலைத்தபோது, அங்கிருந்த கையெழுத்துப் பிரதிகள் நாலாபக்கமும் சிதறின. அவற்றில் கண்ணில் பட்டதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தவர் இவர். பிற்பாடு தாம் படித்த கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்கே அவற்றைக் கொடுத்தார். இன்று அது பார்க்கர் நூலகம். பழங்கால இங்கிலாந்தின் வரலாற்றை ஆண்டுவாரியாகச் சொல்லும் ஆங்கிலோ-சாக்சன் நிகழ்ச்சிக் குறிப்புகளின் கிடைத்திருக்கும் பிரதிகளில் மிகப் பழையது அங்கே இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித அகஸ்டின் நற்செய்தி ஏடும் அங்கேதான். கான்டர்பரி பேராயர் பதவியேற்கும் சடங்குக்கு அந்த ஏட்டை இன்றும் எடுத்துச் செல்கிறார்கள். நம் ஓலைச்சுவடிகள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த மனிதர் செய்த வேலையின் அருமை தெரியும். அப்படிப்பட்டவர் பெயரை ஆதாரமில்லாத ஒரு கதைக்காக வசைச்சொல்லோடு கட்டிவைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

ஐந்தாம் படி: சூட்டை அளந்து பாருங்கள்

அகராதி சொல்லாத பகுதி இதுதான். இந்தச் சொல்லின் காரம், யார் யாரிடம் சொல்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

அண்ணன் தங்கைக்குள், நெருங்கிய நண்பர்களுக்குள், பாட்டி பேரனிடம் சொல்லும்போது இது செல்லக் கோபம். பிறந்தநாள் பரிசை முன்கூட்டியே பிரித்துப் பார்க்க முயலும் குழந்தையைப் பார்த்து ஒரு ஆங்கிலேயத் தாய் தாராளமாகச் சொல்வார். முகம் தெரியாதவரிடம் சொன்னால் அதுவே அவமதிப்பு. மேலதிகாரியிடமோ, அலுவலகக் கடிதத்திலோ, புகார் மனுவிலோ வரவே கூடாது. அங்கே 'இன்ட்ரூசிவ்' என்ற சொல் இருக்கிறது. 'அந்தக் கேள்விகள் எல்லை மீறியவையாக இருந்தன' என்ற தொனியை அது கொடுக்கும். இன்னொன்று, இளைஞர் வாயில் பார்க்கர் கொஞ்சம் பழைய காலத்து ஆளாகத் தெரிவார். அவர்கள் 'நோஸி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் வீட்டுக்கார அம்மா செய்ததுபோல் தனக்கே சொல்லிக்கொள்வதுதான் மிகவும் பயனுள்ள பிரயோகம். 'நான் கேட்பது எனக்குத் தேவையில்லாத விஷயம் என்று எனக்கே தெரியும், பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டாம்' என்று கேள்விக்கு முன்னாலேயே வழி விட்டுக் கொடுக்கிறது அந்த வாக்கியம். நாம் 'தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேட்கலாமா?' என்று ஆரம்பிக்கிறோமே, அதே வேலை.

வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, வயது என்ன, ஏன் இன்னும் குழந்தை இல்லை, வீட்டு வாடகை எவ்வளவு, உடம்பு ஏன் இளைத்துவிட்டது. இந்தக் கேள்விகளை நம் ஊரில் பாசத்தோடுதான் கேட்கிறார்கள். 'எங்கே கிளம்பிட்டீங்க?' என்பது நமக்குக் கேள்வியே இல்லை, வணக்கம். 'இங்கதான், சும்மா' என்று சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி. ஆங்கிலேயருக்கு அது உண்மையான கேள்வியாகப் படும். இந்தப் பழக்கத்தை நாம் வெட்கப்பட்டு உதற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வாசலில் நிற்கிறோம் என்று பார்த்துக் கேட்டால் போதும்.

ஆறாம் படி: சொந்தபந்தங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

ஒரே குணத்துக்கு ஊருக்கு ஒரு சொல். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'ஸ்டிக்கிபீக்'. பீக் என்றால் பறவையின் அலகு. அங்கே 'ஒரு ஸ்டிக்கிபீக் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று வினை போலவும் சொல்வார்கள், அதில் கடுமை குறைவு. பிரிட்டனில் ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் 'கர்ட்டன் ட்விட்சர்'. அமெரிக்காவில் அழையாமல் பேச்சில் புகுகிறவர் 'பட்டின்ஸ்கி'. யூதர்களின் யிட்டிஷ் மொழி வழியாக வந்த 'கிபிட்ஸர்', பக்கத்தில் நின்று சீட்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டே 'அதைப் போடு, இதை இறக்கு' என்று யோசனை சொல்கிற ஆள். திண்ணையில் ஆடு புலி ஆட்டம் பார்த்தவர்களுக்கு அவரை விளக்கவே வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது. ஹாக்கியன் சீனத்திலிருந்து வந்த 'கேய்போ' அவர்கள் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. மலாயில் 'ஜாகா தெப்பி காயின் ஓராங்' என்பார்கள், அடுத்தவர் துணியின் ஓரத்தைக் காவல் காப்பது என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் இது.

இந்த உறவில் கனமான சொல் 'பிஸிபாடி'. இதில் ஆர்வத்தோடு தலையீடும் சேர்ந்திருக்கிறது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், பேதுருவின் முதல் நிருபம் 4-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தில் கொலைகாரன், திருடன் வரிசையில் இந்த ஆளையும் நிறுத்தியிருக்கிறார்கள். தமிழ் பைபிள் அந்த இடத்தில் 'அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்' என்கிறது. நம் உச்ச நீதிமன்றத்திலும் இந்தச் சொல் புழங்குகிறது. 1970-களில் ஜஸ்பாய் மோதிபாய் தேசாய் வழக்கில், ஒரு சினிமா தியேட்டர் உரிமையாளர் அதே ஊரில் இன்னொரு தியேட்டருக்குத் தடையில்லாச் சான்று கொடுத்ததை எதிர்த்தார். மனு போடுகிறவர்களைப் பாதிக்கப்பட்டவர், அந்நியர், 'பிஸிபாடி' என்று மூன்றாகப் பிரித்து நீதிமன்றம் பேசியது. பொதுநல வழக்குகளில் 'நீங்கள் பாதிக்கப்பட்டவரா, பிஸிபாடியா?' என்ற வாதம் இன்றும் எழுகிறது. எனவே சட்ட மொழிபெயர்ப்பில் இதை 'வம்புக்காரர்' என்று போட்டால் பொருள் கெடும். 'தொடர்பின்றித் தலையிடுபவர்' என்பது பாதுகாப்பானது.

ஏழாம் படி: தமிழுக்குக் கொண்டுவாருங்கள்

மூக்கு நமக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவாக அமைந்தது அதிர்ஷ்டம். 'மூக்கை நுழைக்கிறவர்' என்பது எங்கும் செல்லும். ஆனால் கதையிலோ உரையாடலிலோ அது கொஞ்சம் விறைப்பாக நிற்கும். பேசுகிறவர் கோபமாக இருந்தால், 'உனக்கெதுக்கு இந்த வேலை?' என்று மாற்றிவிடுங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சரியான நேரத்தில் மோப்பம் பிடித்து வந்து நிற்கிறவரைச் சொல்ல, 'கழுகுக்கு மூக்கு வேர்த்த மாதிரி' என்ற அருமையான தொடர் இருக்கிறது. முந்திக்கொண்டு பதில் சொல்கிறவர் முந்திரிக்கொட்டை, அளவு மீறிப் பேசுகிறவர் அதிகப்பிரசங்கி. இந்த இரண்டையும் நோஸி பார்க்கருக்குப் போடாதீர்கள், அவர் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம்.

மிகக் கச்சிதமான தமிழ்ச் சொல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. விடுப்பு. தமிழ்நாட்டில் நமக்கு அது லீவு. அங்கே அடுத்தவர் வீட்டுச் சேதியை அறியும் ஆவல், அந்தச் சேதி இரண்டும் விடுப்புதான். வேலியோரம் நின்று பார்த்தால் 'விடுப்புப் பார்க்கிறது'. கிணற்றடியில் விசாரித்தால் 'விடுப்புக் கேட்கிறது'. ஈழத்துப் பாத்திரம் பேசும் இடத்தில் நோஸி பார்க்கர் வந்தால் நான் யோசிக்காமல் விடுப்பைத்தான் எடுப்பேன்.

எட்டாம் படி: கேட்கப்படும் இடத்தில் இருக்கும்போது

உங்களிடம் ஒருவர் துருவினால் 'டோன்ட் பி எ நோஸி பார்க்கர்' என்று திருப்பிச் சொல்வது நெருங்கியவர்களிடம் மட்டும். 'மைண்ட் யுவர் ஓன் பிஸினஸ்' சண்டையை ஆரம்பித்துவிடும். மற்றவர்களிடம் 'ஐட் ராதர் நாட் ஸே' என்று அமைதியாகச் சொல்லுங்கள், 'சொல்ல விருப்பமில்லை' என்பதன் மரியாதையான வடிவம் அது. 'வொய் டு யு ஆஸ்க்?' என்பது இன்னும் நல்லது. அக்கறையாகக் கேட்டவர் காரணம் சொல்வார், வெறும் ஆவலில் கேட்டவர் பேச்சை மாற்றிக்கொள்வார்.

நீங்கள் கேட்கிற இடத்தில் இருந்தால், மனதில் இருக்கும் கேள்விக்கு முன் 'ஸாரி டு பி எ நோஸி பார்க்கர், பட்' என்று சேர்த்து வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். ஊறுகாய் பாட்டிலை இந்த வாக்கியம் தாங்கும். 'ஏன் விவாகரத்து ஆச்சு?' என்பதைத் தாங்காது. தாங்காத கேள்வியைக் கேட்காதீர்கள்.

அந்த வருடம் குளிர்காலத்தில் சமையலறை மேசையில் மருத்துவமனை முத்திரை போட்ட உறை ஒன்று மூன்று நாள் பிரிக்காமல் கிடந்தது. வீட்டுக்கார அம்மா அதைச் சுற்றியே தட்டுகளை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரவு நான் வாக்கியத்தை இரண்டு முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "ஸாரி டு பி எ நோஸி பார்க்கர், பட் ஆர் யு ஆல் ரைட்? யு டோன்ட் ஹாவ் டு டெல் மி." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உறையை என் பக்கம் தள்ளி, தன் கண்ணாடியை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை, நீயே பிரித்துப் படித்துச் சொல் என்றார்.